சட்டாம்பிள்ளையா, தோழனா?

கல்லூரியில் படிக்கின்ற, அல்லது அண்மையில் படித்து முடித்த வாசகர்கள் 'செஞ்சுருள் சங்கம்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டிசம்பர் 1-ஆம் நாள் உலக எய்ட்ஸ் தினத்தன்று ஊர்வலம் போவது, கோலப்போட்டி வைப்பது, சட்டையில் சிவப்பு நாடாவைக் குத்திக்கொள்வது ஆகியவைதாம் அதன் வேலை என்று எண்ணியும் இருப்பீர்கள். உண்மையில் அச்சங்கத்திற்கு அடிப்படையாக உள்ள கருத்து இவற்றைவிடப் பெரியது. மாணவர்களுள் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து, அவர்கள் வாயிலாக மற்ற மாணவர்களுக்குப் பாலியல் நலம் பற்றிய அறிவைக் கொண்டு சேர்ப்பது என்பதே அக்கருத்து. அவ்வாறு பயிற்சி பெற்றவருக்குச் 'சக கல்வியாளர்' என்று பெயர்.

நம் நாட்டில் இது புதிதன்று. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1991-ல், 'பல்கலைக்கழகங்கள் எய்ட்ஸைப் பற்றிப் பேசுகின்றன' என்று பொருள்படும் பெயரோடு ஒரு திட்டம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே கல்லூரிகளுக்குள் நுழைந்தது. செஞ்சுருள் சங்கங்கள் பின்னர் வந்தவை. 2014-ல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டமும் ஊர்தோறும் சக கல்வியாளர்களையே நம்பி நிற்கிறது.

இத்தனை ஆண்டுகளாக நடந்துவரும் இம்முறை பயன் தருகிறதா? தருகிறது எனில், எதில், எவ்வளவு? இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கே ஓர் அளவீடு நடக்கிறதோ அங்கே மூக்கை நுழைப்பது எங்கள் தொழிற்புத்தி. அன்றியும் என்னிடம் படிக்க வருகின்ற மாணவர்களில் பெரும்பாலோர் மேல்நிலையில் கணிதம், கணினி எடுத்துப் படித்தவர்கள். விலங்கியல் புத்தகத்தில் இருக்கும் இனப்பெருக்க நலப் பாடத்தைக்கூட அவர்கள் கண்ணால் கண்டதில்லை. வணிகவியல் பிரிவிலிருந்து வருகின்றவர்களுக்கும் இதே நிலைதான். ஆகவே கல்லூரியில் சொல்லப்படுவதே பலருக்கு முதற்பாடம்.

சென்னையிலிருந்து போன முறை

மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பிக்கும் முறையின் ஊற்றைத் தேடிப் போனால் அது நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். வாத்தியார் இல்லாதபோது பாடம் சொல்லிக் கொடுப்பவன் அவன். பிரம்பும் பாதி நேரம் அவன் கையில்தான். 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் விடுதியில் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் மறுக்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். ஊர் திரும்பி 1797-ல் இதை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்து முழுதும் பரவிற்று.

மலிவு அதன் பெருங் கவர்ச்சி. ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிக்கவைத்துவிடலாம் அல்லவா? ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது மங்கத் தொடங்கிவிட்டது. சட்டாம்பிள்ளை தான் மனப்பாடம் செய்ததை மற்றவனுக்கும் மனப்பாடம் செய்விப்பான். 'ஏன்?' என்று ஒருவன் கேட்டுவிட்டால் விழிப்பான்.

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். தோழமைக் கல்வி என்ற பெயரில் நம் கல்லூரிகளில் நடப்பதில் பெரும்பகுதி சட்டாம்பிள்ளைக் கல்வியே. சக மாணவனால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அது அவனிடம் கொடுக்கப்படவில்லை. அவனால் நன்றாகச் செய்ய முடியாத வேலை அவன் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. இதற்கு என்ன சான்று என்று நீங்கள் கேட்க வேண்டும். முதலில் வெளிநாட்டுச் சான்றைப் பார்ப்போம். இத்துறையில் கட்டுப்பாட்டோடு செய்யப்பட்ட பெரிய சோதனைகள் அங்கேதான் கிடைக்கின்றன.

இங்கிலாந்தில் ஒரு சோதனை

1990-களின் இறுதியில் இங்கிலாந்தில் 27 பள்ளிகளில் 'ரிப்பிள்' என்ற பெயரில் ஓர் ஆய்வு தொடங்கியது. நீரில் எழும் சிற்றலை என்பது அச்சொல்லின் பொருள். 8,000-க்கு மேற்பட்ட மாணவ மாணவியர் அதில் இருந்தனர். எந்தப் பள்ளியில் எந்த முறை என்பதை ஆய்வாளர் விருப்பத்திற்கு விடாமல் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்தார்கள். 14 பள்ளிகளில் 16, 17 வயது மாணவர்கள் பயிற்சி பெற்று, 13, 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். எஞ்சிய 13 பள்ளிகளில் வழக்கம்போல் ஆசிரியர்களே நடத்தினார்கள். சீட்டுக் குலுக்கல் ஏன் என்றால், நல்ல பள்ளிகள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் பின்னால் தெரியும் வேறுபாடு முறையினால் வந்ததா, பள்ளியினால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஆய்வுக்கூடத்தில் மற்ற காரணிகளை மாறாமல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறோமே, மனிதக் கூட்டத்தில் அதற்கு ஈடான உத்தி இது.

முதல் முடிவுகள் 2004-ல் வெளிவந்தன. மாணவர் நடத்திய வகுப்புகளே பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தன. 16 வயதுக்குள் உடலுறவு கொண்டதாகச் சொன்ன பெண்கள், மாணவர் நடத்திய பள்ளிகளில் 34.7 விழுக்காடு, ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் 40.8 விழுக்காடு. ஆண்பிள்ளைகளிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. பெண்களில் 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 32 விழுக்காட்டினரும் இப்பாடத்தை ஆண், பெண் தனித்தனிக் குழுக்களாக நடத்தவேண்டும் என விரும்பினார்கள். மேலைநாட்டுப் பிள்ளைகள் கூச்சமே இல்லாதவர்கள் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

இத்துடன் நின்றிருந்தால் 'வெற்றி' என்று எழுதி மூடியிருப்பார்கள். ஆனால் ஆய்வாளர்கள் அப்பெண்களை 20 வயதுவரை தொடர்ந்தார்கள். 2008-ல் வெளிவந்த அந்த இரண்டாம் முடிவில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. 18 வயதுக்குள் கருவுற்றதாகத் தாமே சொன்ன பெண்கள் ஒரு பக்கம் 7.2 விழுக்காடு, மறுபக்கம் 11.2. பெரிய வேறுபாடுதான். ஆனால் மாணவர் நடத்திய பிரிவில் வினாத்தாளுக்கு விடை அனுப்பியவர்கள் 61 விழுக்காடு. ஆசிரியர் நடத்திய பிரிவில் 45 விழுக்காடு. விடை அனுப்பாதவர்கள் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது அந்த எண்களில் இல்லை. ஆகவே ஆளைக் கேட்காமல் மருத்துவப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். 20 வயதுக்குள் கருக்கலைப்புச் செய்துகொண்டவர்கள் இரு பிரிவிலும் சரியாக 5.0 விழுக்காடு. குழந்தை பெற்றவர்கள் 7.5-ம் 10.6-ம்; இந்த வேறுபாடும் பிழை எல்லைக்குள் அடங்கிவிட்டது.

இன்னொன்றும் கேட்டார்கள். தம் வட்டாரத்தில் இத்தகைய மருத்துவ உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லத் தெரிகிறதா? இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வகுப்பு பிடித்திருந்தது, பேச்சு நன்றாக இருந்தது, ஆனால் எங்கே போவது என்பது மட்டும் மனத்தில் பதியவில்லை. இந்த ஒரு வரியை நம் திட்ட அலுவலர்கள் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் முவான்சாப் பகுதியில் இதைவிடப் பெரிய முயற்சி நடந்தது. 20 ஊர்த்தொகுதிகளை இரண்டாகப் பிரித்து, பத்தில் ஆசிரியர் பாடம், மாணவர் துணை, இளைஞருக்கு ஏற்ற மருத்துவமனைச் சேவை, ஆணுறை வழங்கல் எல்லாம் சேர்ந்த திட்டத்தை 1999 முதல் செயற்படுத்தினார்கள். அங்கே ஆளைக் கேட்டதோடு நில்லாமல் இரத்தத்தையும் சோதித்தார்கள். அறிவு கூடியிருந்தது; மனப்பான்மையும் மாறியிருந்தது. எச்.ஐ.வி. தொற்று குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து 2007-லும் 2008-லும் மறுபடி சோதித்தபோதும் அதே விடைதான். வளரும் நாடுகளில் நடந்த 30 ஆய்வுகளை ஒன்றாக்கி 2009-ல் வெளியிடப்பட்ட தொகுப்பும் ஏறத்தாழ இதையே சொல்லிற்று. சக கல்வியால் எச்.ஐ.வி. பற்றிய அறிவு கூடுகிறது. ஆணுறைப் பயன்பாடும் கூடியதாக மக்கள் சொல்கிறார்கள். பால்வினை நோய்கள் குறைந்ததற்குச் சான்று இல்லை.

இவற்றைக் கொண்டு 'ஆகையால் இதெல்லாம் வீண்' என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது அவசரம். ஆசிரியர் நடத்தினாலும் அதே 5.0 விழுக்காடுதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். சொல்லிக் கொடுப்பது ஒன்று, ஒருவன் அல்லது ஒருத்தி இக்கட்டான வேளையில் சரியானதைச் செய்வது வேறொன்று என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன.

சங்கிலியின் கணக்கு

இப்போது நம் கல்லூரிக்கு வருவோம். மாநில அளவில் ஒரு நிபுணர் பயிற்றுநர்களுக்குச் சொல்கிறார். பயிற்றுநர் கல்லூரிப் பொறுப்பாசிரியருக்குச் சொல்கிறார். ஆசிரியர் சக கல்வியாளருக்கு. சக கல்வியாளர் மாணவருக்கு. நான்கு கைமாற்றங்கள். ஒவ்வொன்றிலும் பத்தில் ஒன்பது பங்கு பழுதின்றிப் போய்ச் சேர்வதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 0.9-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.656. மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே சிந்திவிட்டது. சிந்திய இடம் வெற்றிடமாக இருந்தாலும் கவலையில்லை. அங்கே விடுதி அறைகளில் வழங்கும் கட்டுக்கதைகள் வந்து குடியேறும். வானொலிச் செய்தியில் ஒலி குறைவது ஒரு கேடு, இரைச்சல் கலப்பது அதனினும் பெரிய கேடு.

இதைத் தெரிந்துகொள்வதற்காக ஒரு தேர்வு வைக்கிறார்கள். முகாம் தொடங்குமுன் 20 கேள்விகள். முகாம் முடிந்தவுடன் அதே 20 கேள்விகள். மதிப்பெண் ஏறியிருக்கும், அறிக்கையில் படம் போட்டுக் காட்டுவார்கள். உலையிலிருந்து எடுத்த கையோடு இரும்பின் வெப்பத்தை அளந்துவிட்டு, 'இது என்றும் இப்படியே இருக்கும்' என்று எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஆறு திங்கள் கழித்து அளந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. 'இத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம்' என்பது செலவுக் கணக்கே அன்றி விளைவுக் கணக்கு ஆகாது.

யாரைச் சக கல்வியாளராகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் ஆராயத்தக்கது. மேடையில் நன்றாகப் பேசுகிறவன், வருகைப் பதிவு ஒழுங்காக உள்ளவள், துறைத்தலைவர் சொன்னால் தட்டாதவர்கள். இவர்களே பட்டியலில் இருப்பார்கள். இரவு பதினொரு மணிக்கு விடுதியில் ஒரு பையன் கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தால் யார் அறைக் கதவைத் தட்டுவானோ, அவன் பெயர் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இராது. தோழன் என்பவன் நியமனத்தால் உண்டாகிறவன் அல்லன்.

கேள்வி வேறு, பாடம் வேறு

பாடம் எதைப் பற்றியது? எச்.ஐ.வி. எவ்வாறு பரவும், எவ்வாறு பரவாது என்பது பற்றியது. தேவையான பாடமே. ஆனால் மாணவர்களிடம் பெயர் எழுதாத சீட்டில் கேள்வி கேட்கச் சொல்லிப் பாருங்கள். வருகின்ற கேள்விகள் வேறாக இருக்கும். கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வருமா? தூக்கத்தில் விந்து வெளிப்படுவது நோயா? வெள்ளைப்படுவது எப்போது இயல்பு, எப்போது மருத்துவரிடம் காட்டவேண்டியது? உறுப்பின் அளவு, மாதவிலக்கு தள்ளிப்போவது, ஒருபாலார்மீது ஈர்ப்பு, இப்படித்தான் போகும்.

முதற் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று விளித்து, இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்று அறிவிக்கும் விளம்பரங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த வியாபாரம் முழுவதும் ஒரு பழைய கணக்கின்மீது நிற்கிறது. நாற்பது கவளம் உணவு ஒரு துளி இரத்தமாம். நாற்பது துளி இரத்தம் ஒரு துளி எலும்பு மச்சையாம். நாற்பது துளி மச்சை ஒரு துளி விந்தாம். கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போமே. ஒரு துளி விந்துக்கு 40-ஐ 40-ஆல் பெருக்க 1,600 துளி இரத்தம். ஒரு முறை வெளிப்படும் விந்தின் அளவு ஏறத்தாழ 3 மில்லி லிட்டர். ஆகச் செலவாகும் இரத்தம் 4,800 மில்லி லிட்டர். வளர்ந்த ஆணின் உடலில் உள்ள மொத்த இரத்தமே சுமார் 5 லிட்டர்தான்! இக்கணக்கு மெய்யானால் உலகில் எந்த ஆணும் இரண்டாம் முறை பிழைத்திருக்க முடியாது. உண்மையில் விந்து நீரின் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியிலும் விந்துப் பைகளிலும் சுரப்பது; உமிழ்நீர் சுரப்பதைப் போன்றதே அது.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தி அன்று இது. விந்து கழிவதால் உடல் அழிகிறது என்ற அச்சத்தால் சோர்வு, தூக்கமின்மை, மனக்கலக்கம் எனத் துன்புறுவோரின் நிலைக்கு 1960-ல் மனநல மருத்துவர் என். என். விக் 'தாது நோய்க்குறி' என்றே பெயர் சூட்டினார். உடலில் நோய் இல்லை, அச்சமே நோயாகிறது. அந்த அச்சத்தோடு விடுதியில் இருக்கும் மாணவன் பேராசிரியரிடம் வந்து கேட்கமாட்டான். தந்தையிடம் கேட்கமாட்டான். கேட்டால் பக்கத்து அறைக்காரனிடம்தான் கேட்பான். மேலே நான் சொன்ன, சக மாணவனால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இதுதான். கேள்வியைக் கேட்கும்படி செய்வது. வாயைத் திறக்க வைப்பது. ஆனால் நாம் அவனுக்குக் கொடுத்திருக்கும் பயிற்சி முழுவதும் பேசுவதற்கே, கேட்டுக்கொள்வதற்கு அன்று.

மாணவியருக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். இருபாலார் கல்லூரியில் கூட்டம் ஒன்றாகவே நடக்கும். பெண்பிள்ளைகள் பின்வரிசையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள். வருகைப்பதிவு நிறைந்திருக்கும், ஒரு கேள்வியும் எழாது. 57 விழுக்காடு என்ற அந்த எண்ணை இங்கே நினைத்துப் பாருங்கள்.

எழுபத்திரண்டு மணி நேரம்

தவறான விடையால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகத்தான் செய்யும். எச்.ஐ.வி. தொற்றியிருக்கக்கூடும் என்ற ஐயத்திற்கு இடமான நிகழ்ச்சி ஒன்று நடந்துவிட்டால், தொற்று உடலில் நிலைபெறாமல் தடுக்க மருந்து உண்டு. ஆனால் அதை 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும். விரைந்து தொடங்குவதே நல்லது. தொடர்ந்து 28 நாள் உட்கொள்ள வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கும் ஏறத்தாழ இதே 72 மணிக் கெடுதான். அதிலும் மணிக்கு மணி பயன் குறைந்துகொண்டே போகும். பலாத்காரத்திற்கு உள்ளான பெண்ணுக்கு இவ்விரண்டும் எவ்வளவு இன்றியமையாதவை என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு சக கல்வியாளர், 'பயப்படாதே, மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்' என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது பயிற்சி வகுப்பில் கேட்டதுதான். தொற்று ஏற்பட்ட உடனே சோதனையில் தெரியாது. இடைவெளிக் காலம் உண்டு. சில சோதனைகளில் அது மூன்று மாதம் வரை நீளும். வாக்கியம் சரி. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு நடந்ததைச் சனிக்கிழமை காலையில் வந்து சொல்கிறவருக்கு அந்தச் சரியான வாக்கியம் பெருங் கேடு. திங்கட்கிழமை இரவோடு வாயில் மூடிவிடும். சட்டாம்பிள்ளையிடம் வாக்கியம் இருக்கும். எந்த வாக்கியத்தை எப்போது சொல்லவேண்டும் என்ற தேர்ச்சி இராது. அதை இரண்டு நாள் முகாமில் கொடுக்கவும் முடியாது.

ஆகவே அவரிடம் விடையை எதிர்பார்ப்பதே பிழை. 'எனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்தவர் இன்ன இடத்தில் இருக்கிறார், வா, இப்போதே போகலாம்' என்று சொல்லத் தெரிந்தால் போதும். நம் மாநிலத்தில் இதற்கு இடமும் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் 'நம்பிக்கை மையம்' உண்டு. பால்வினை நோய்களுக்குச் 'சுகவாழ்வு மையம்' உண்டு. கட்டணம் இல்லை. 1097 என்ற எண்ணில் இலவசமாகத் தொலைபேசியில் கேட்கலாம். இவை இருந்தும், தனியே ஒரு பையனோ பெண்ணோ அந்த வாயிற்படியை மிதிக்கத் தயங்குகிறார்கள். கூட ஒரு தோழன் வந்தால் கால் எழும்பும்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. பயிற்சிகளில் இதை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். முதலாண்டு மாணவர் பலருக்கு 18 நிரம்பியிருக்காது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர் யாவரும் குழந்தைகளே. அவர்கள் தொடர்பான பாலியல் குற்றம் ஒன்று தமக்குத் தெரிய வந்தால், அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டிய கடமை எவருக்கும் உண்டு. இருவரும் விரும்பி நடந்தது என்பது அச்சட்டத்தின்முன் நிற்காது. ஆகவே 17 வயதுப் பெண் ஒருத்தியிடம், 'என்னை நம்பிச் சொல். யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்களிக்கும் 20 வயதுச் சக கல்வியாளர், காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கிறார். வாக்கை மீறினால் தோழிக்குத் துரோகம். காத்தால் சட்டத்தின் கை தம்மீது விழலாம். 2022-ல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் 18 வயதுக்குட்பட்ட பெண்ணின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் காவல்துறைக்கான அறிக்கையில் வெளியிட வேண்டியதில்லை என்று கூறியது. அந்தச் சலுகை மருத்துவருக்குத்தான். வகுப்புத் தோழிக்கு அன்று. எனவே, பேச்சைத் தொடங்குமுன்பே 'இன்னதை என்னால் இரகசியமாக வைத்திருக்க முடியும், இன்னதை முடியாது' என்று சொல்லப் பழக்குவது பயிற்சியின் முதல் மணி நேரத்தில் வரவேண்டும். இருபது வயதுப் பிள்ளையின் தலையில் இந்தச் சுமையை ஏற்றிவிட்டுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது நேர்மை ஆகாது.

எதை அளப்பது?

'எங்கள் கல்லூரியில் சங்கம் நன்றாக நடக்கிறது, ஒருவருக்கும் எச்.ஐ.வி. இல்லை' என்று பெருமைப்படுவோரும் உண்டு. இந்தியாவில் வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ 0.2 விழுக்காடு. 2,000 பேர் படிக்கும் கல்லூரியில் அதே விகிதம் இருந்தாலும் 4 பேர். மாணவர் வயதில் இன்னும் குறைவாகவே இருக்கும். கதிரியக்கத் துகள்களை எண்ணிப் பழகியவர்களுக்குத் தெரியும், 4 என்று எதிர்பார்க்கும் இடத்தில் 2-ம் வரும், 6-ம் வரும். அந்த ஏற்றத்தாழ்வு தற்செயல். அதைக் கொண்டு சங்கத்தைப் புகழவும் முடியாது, இகழவும் முடியாது.

ஒரு கல்லூரி தன்னளவில் அளக்கக்கூடியவை வேறு. கேள்விப் பெட்டியில் திங்களுக்கு எத்தனை சீட்டுகள் விழுகின்றன, அவற்றுக்கு எத்தனை நாளில் விடை ஒட்டப்படுகிறது என்று எண்ணலாம். விடையை எழுதுபவர் மருத்துவராகவோ ஆலோசகராகவோ இருக்கட்டும். கேள்வியைத் திரட்டுவதும் விடையைக் கொண்டுபோவதும் மாணவர் வேலையாக இருக்கட்டும். மையத்திற்குத் துணையாக எத்தனை முறை போனார்கள் என்பதைப் பெயர் இல்லாமல் கோடு போட்டு எண்ணலாம். இவற்றில் எதற்கும் கோலப்போட்டிக்கு ஆகும் செலவுகூட ஆகாது. பொறுப்பாசிரியர்களில் சிலர், இப்படிப் பெட்டி வைத்தால் ஆபாசச் சீட்டுகள் விழும் என்று அஞ்சுகிறார்கள். விழும், முதல் வாரம் நிறையவே விழும். அவற்றிலும் பாதி, வேடிக்கைபோல் கேட்கப்பட்ட உண்மையான கேள்விகளாக இருக்கும்.

இதைப் படிக்கும் மாணவ வாசகர்கள் ஒரு சிறு சோதனையைத் தாமே செய்து பார்க்கலாம். உங்கள் வகுப்பில் பத்துப் பேரிடம் தனித்தனியே கேளுங்கள்: நம் ஊருக்கு அருகில் நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது? எந்த நாட்களில், எத்தனை மணிவரை திறந்திருக்கும்? பணம் கட்ட வேண்டுமா? இலவசத் தொலைபேசி எண் என்ன? எத்தனை பேர் நான்குக்கும் விடை சொன்னார்கள் என்பதை ஒரு தாளில் குறித்துத் தேதி போட்டு வையுங்கள். சங்கத்தின் அடுத்த முகாம் முடிந்து ஆறு திங்கள் ஆனபின், அதில் கலந்துகொண்ட வேறு பத்துப் பேரிடம் இதே கேள்விகளைக் கேட்டு, இரண்டு தாள்களையும் பொறுப்பாசிரியரின் மேசைமீது வையுங்கள்.